பீதோவனும் துருக்கி முரசும்

எங்கள் ஊரில் அஸர் தொழுது பள்ளியால் வரும் நேரத்துக்குத்தான் பாண் வண்டி வரும். முச்சக்கர வண்டியின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பாண், பணிஸ், மாலுபாண். கூரையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் இந்த மெட்டுத்தான். சிங்களத்தில் அந்த வண்டிக்கு ‘சூன் பான்’ என்றே பெயர். எங்கட பிள்ளைகளுக்கு அது ‘பாண் பாட்டு’.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் இலக்கியப் பாடம் நடக்கையில் வண்டி வெளியே போனது. “சேர், இந்தப் பாட்டெ யாரு சேர் கண்டுபுடிச்ச?” என்று ஒரு பையன் கேட்டான். பாடத்தை விட்டு நழுவக் கேட்ட கேள்வி என்பது தெரியும். ஆனாலும் நல்ல கேள்வி. ஜேர்மனியில் பொன் என்ற நகரில் 1770இல் பிறந்து, வியன்னாவில் வாழ்ந்து, 1827இல் மறைந்த லூட்விக் வன் பீதோவன் என்றேன். “செவிடரா இருந்தாரே, அவரா?” என்றான் இன்னொருவன். செவி கேளாதவர் இசையமைத்தார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் பாடசாலைகளில் அழகியல் என்றால் பெரும்பாலும் சித்திரம்தான். சங்கீத ஆசிரியரைப் பார்ப்பது அருமை. இசை கூடுமா கூடாதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அது உலமாக்களின் வேலை. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் அதற்கென்றே ஒரு நூற்பகுதி ஒதுக்கியிருக்கிறார், விரும்பியவர்கள் அங்கே போகலாம். என் அக்கறை வரலாறு பற்றியது. ஒரு மனிதர் எழுதிய நூற்றுக்கணக்கான படைப்புகளில் நாலைந்து மட்டும் எப்படி உலகத்தின் காதில் ஒட்டிக்கொண்டன? ஒட்டாமல் போனவற்றில் நமக்கு உரியது ஏதும் கிடக்கிறதா? இந்த இரண்டாவது கேள்விதான் என்னைக் கொஞ்சம் தூரம் இழுத்துச் சென்றது.

முதலில் பாண் பாட்டை முடித்துவிடுவோம். ‘எலிஸேக்காக’ என்பது அதன் பெயர். பீதோவன் 1810இல் எழுதிய சின்னப் பியானோத் துண்டு. அவர் வாழ்ந்த காலத்தில் அது அச்சேறவே இல்லை. அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து, 1867இல், லூட்விக் நோல் என்ற ஆய்வாளர் தாம் பார்த்த ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்து அதை வெளியிட்டார். அந்தப் பிரதி பின்னர் தொலைந்துபோனது. எலிஸே யார் என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். தெரேஸே மல்ஃபாத்தி என்ற பெண்ணின் பெயரை நோல் பிழையாக வாசித்துவிட்டார் என்பது ஒரு கட்சி. எலிஸபெத் ரொக்கல் என்ற பாடகிதான் என்பது இன்னொரு கட்சி. ஆக, பீதோவனின் படைப்புகளில் மிக அதிகமான காதுகளை எட்டியது, அவர் வெளியிடாமல் வைத்திருந்த ஒன்று.

அது ஏன் வண்டிகளில் ஏறியது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளிது. தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்பது சுரங்களில் முதல் வாக்கியம் முடிகிறது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். எந்த மலிவான மின்னணுக் கருவியும் அதை ஒலிக்கும். உரிமைப் பணம் கேட்கவும் ஆளில்லை. தைவானில் இதே மெட்டைப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வருகிறது. அங்கே குப்பை, இங்கே பாண்.

‘நிலவொளி சொனாட்டா’ வேறு வகை. 1801இல் எழுதி 1802இல் வெளியிட்ட பியானோப் படைப்பு. ஜூலியெட்டா குயிச்சார்தி என்ற சீமாட்டிக்குச் சமர்ப்பணம். பீதோவன் அதற்கு நிலவென்றும் பெயர் வைக்கவில்லை, ஒளியென்றும் வைக்கவில்லை. ‘கற்பனை போன்றதொரு சொனாட்டா’ என்பதுதான் அவர் எழுதிய தலைப்பு. லூட்விக் ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் அதன் முதற்பகுதியை லூசேர்ன் ஏரியில் விழும் நிலவொளிக்கு ஒப்பிட்டார். இசையமைப்பாளர் மறைந்த பிறகு அந்த உவமை பெயராகவே நிலைத்துவிட்டது. இந்தப் பெயர் இல்லாவிட்டால் அது இத்தனை பிரபலமாகியிருக்குமா என்பது சந்தேகம். பெயரைக் கேட்டுவிட்டு இசையைக் கேட்பவருக்கு நிலவு தெரியத்தான் செய்யும். மூன்றாம் பகுதியைக் கேட்டால் நிலவும் இல்லை, ஏரியும் இல்லை, புயல்தான். அங்கே மட்டும் பலர் போவதில்லை. இதை மக்கள் ஓயாமல் புகழ்வதில் பீதோவனுக்கே சலிப்பு இருந்தது, இதைவிட நல்லவற்றை எழுதியிருக்கிறேன் என்று குறைபட்டார் என அவருடைய மாணவர் செர்னி வழியாகத் தெரிகிறது.

ஐந்தாம் சிம்பனிக்கு வருவோம். மூன்று குறில், ஒரு நெடில் என்று யாப்புப் படித்தவர் சொல்லிவிடலாம். அந்த நான்கு தட்டல்கள் அறியாதவர் குறைவு. ‘விதி கதவைத் தட்டுகிறது’ என்று பீதோவனே விளக்கம் சொன்னார் எனப் புத்தகங்களெல்லாம் எழுதும். அந்தச் செய்தியை நமக்குத் தருபவர் அன்ரன் ஷிண்ட்லர், பீதோவனுக்குச் செயலாளராக இருந்தவர். செவி கேளாத பீதோவனிடம் வருபவர்கள் தங்கள் பேச்சைக் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டுவார்கள். அந்த ஏடுகள் ஷிண்ட்லரின் கையில் சிக்கின. பீதோவன் மறைந்த பிறகு, தாம் அவருடன் உரையாடியது போலப் பல இடங்களில் ஷிண்ட்லர் தாமே எழுதிச் சேர்த்திருக்கிறார் என்பதை 1970களில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஹதீஸ் கலை தெரிந்த நமக்கு இது புதிதல்ல. அறிவிப்பாளர் பொய்யர் என்று தெரிந்தால் அவர் வழியாக மட்டும் வரும் செய்தியை என்ன செய்வோம்? இசை வரலாற்றுக்காரர்கள் அந்த முடிவுக்கு வர நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். பொதுமக்களோ இன்னும் வரவில்லை. விதி தட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சிம்பனி முதலில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22, வியன்னாவில். குளிர் தாங்காத மண்டபத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேர நிகழ்ச்சி. ஆறாம் சிம்பனியும் அதே இரவில்தான். கேட்டவர்கள் நடுங்கிப் போனார்கள், இசையாலல்ல. இரண்டாம் உலகப் போரில் பி.பி.சி. அந்தத் தட்டல்களை எடுத்துக்கொண்டது. மோர்ஸ் முறையில் மூன்று புள்ளி ஒரு கோடு என்றால் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்து. ஜேர்மனியரின் இசையைக் கொண்டே ஜேர்மனிக்கு எதிரான அழைப்பு!

அவர் உயிரோடிருந்தபோது வியன்னா மக்கள் எதை விரும்பினார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஸ்பெயினில் நெப்போலியனின் படையை வெலிங்டன் தோற்கடித்ததைக் கொண்டாடும் ‘வெலிங்டனின் வெற்றி’ 1813 டிசம்பர் 8இல், காயம்பட்ட படைவீரர்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் அரங்கேறியது. பீரங்கிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம், எக்காளம், முரசு. சனம் அள்ளிக்கொண்டு வந்தது. இன்று அதை யார் கேட்கிறார்கள்? அதே நிகழ்ச்சியில்தான் ஏழாம் சிம்பனியும் முதன்முதலாக ஒலித்தது. அதன் இரண்டாம் பகுதியை மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். அந்த மட்டில் வியன்னாக்காரரின் காது பழுதில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயம். 1811இல் பீதோவன் ‘ஏதென்சின் இடிபாடுகள்’ என்ற நாடகத்துக்கு இசை அமைத்தார். ஹங்கேரியின் பெஸ்ட் நகரில், இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதியில், புதிய நாடக அரங்கம் திறப்பதற்காகக் கேட்டு வாங்கியது. உரை எழுதியவர் கொட்செபு என்ற பிரபல நாடகாசிரியர். 1812 பெப்ரவரியில் மேடையேறியது. கதை இதுதான்: அறிவின் தெய்வமான மினர்வா இரண்டாயிரம் ஆண்டுத் துயில் நீங்கி ஏதென்சுக்கு வருகிறாள். நகரம் துருக்கியரின் கையில். கோயில்கள் இடிந்து கிடக்கின்றன. கிரேக்கர்கள் அடிமைகளாய்ப் புலம்புகிறார்கள். கலையும் அறிவும் எங்கே போயின என்று தேடி, கடைசியில் பெஸ்ட் நகரில், ஆஸ்திரியப் பேரரசரின் நிழலில் அவை பத்திரமாக இருப்பதைக் கண்டு மகிழ்கிறாள். திறப்பு விழா நாடகம் வேறு எப்படி இருக்கும்!

ஹங்கேரியருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருந்தது. புடா நகரம் 1541 முதல் 1686 வரை உஸ்மானியரின் ஆட்சியில் இருந்தது. ஆனால் ஏதென்சின் இடிபாடுகளைத் துருக்கியரின் தலையில் மட்டும் கட்டுவது வரலாறல்ல. பார்த்தெனன் கோயிலைத் தகர்த்தது 1687இல் வெனிஸ் படை ஏவிய குண்டு. உள்ளே வெடிமருந்தை அடுக்கி வைத்திருந்தவர்கள் உஸ்மானியர். இரண்டு தரப்புக்கும் பங்குண்டு. நாடகம் எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் எல்ஜின் பிரபு என்ற பிரித்தானியத் தூதர் அதன் சிற்பங்களைக் கழற்றி எடுக்கத் தொடங்கியிருந்தார். அவை இன்றும் லண்டனில். மினர்வா அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த நாடகத்தில் வரும் ‘துருக்கி நடை’ பீதோவனின் மிகப் பிரபலமான துண்டுகளில் ஒன்று. பியானோ பழகும் சிறுவர்கள் எல்லாரும் ஒருமுறை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மெட்டு பழையது, 1809இல் தாம் எழுதிய பியானோ மாறுபாடுகளிலிருந்து அதை எடுத்து இங்கே படையணிக்குப் பொருத்தினார். மெல்லத் தொடங்கி, நெருங்க நெருங்கப் பெருத்து, கடந்து போய்த் தேயும். வீதியோரம் நின்று ஒரு ஊர்வலத்தைப் பார்ப்பது போல.

அந்த நடைக்குச் சற்று முன்னால் இன்னொரு பாட்டு இருக்கிறது. ‘தர்வேஷ்களின் கோரஸ்’. ஆண்குரல்கள் மட்டும், எல்லாரும் ஒரே சுரத்தில். வயலின்கள் ஓயாமல் சுழல்கின்றன. கிடைக்கும் சத்தக் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இசைப் பிரதியிலேயே குறிப்பு. அந்தத் தர்வேஷ்கள் பாடுவது யாரை? நமது நபி (ஸல்) அவர்களை. சந்திரன் பிளந்தது வருகிறது. சட்டைக் கையின் மடிப்புக்குள் அதைத் தாங்கியது வருகிறது. புராக்கில் ஏறி ஏழாம் வானம் சென்றது வருகிறது. இடையிடையே கஃபா, கஃபா என்று முழக்கம். பீதோவனின் இசையில், ஜேர்மன் மொழியில், 1811இல்!

முதன்முதல் இதைக் கேட்டபோது எனக்கு வந்த உணர்வுக்குப் பெயர் வைக்க முடியவில்லை. காரணம் அந்தச் சட்டைக் கை. எங்கட மூத்தும்மா, மக்ரிபுக்குப் பின் எங்களை உட்கார வைத்துச் சொன்ன கதையில் சந்திரன் அப்படித்தான் இறங்கி வந்து சட்டைக் கைக்குள் புகுந்தது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் இதற்கு ‘மதியை அழைப்பித்த படலம்’ என்று ஒரு படலமே பாடியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் நான் அதைப் பாடமாகப் படித்தவன். மிஃராஜுக்கு அவருக்கும் முந்திய ஆலிப்புலவரின் மிஃராஜ் மாலை இருக்கிறது. அரேபியாவில் பிறந்த ஒரு கதை ஒரு பக்கம் கடல் தாண்டிக் கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் எங்கட கரைக்கும் வந்தது. இன்னொரு பக்கம் ஐரோப்பாவுக்குள் போய் ஒரு நாடகாசிரியரின் மேசையில் ஏறியது.

என் நண்பரான ஒரு மௌலவியிடம் கருத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஹதீஸ்காரராகவே பதில் சொன்னார். “சந்திரன் பிளந்தது குர்ஆனில் இருக்கு, புகாரியில் இருக்கு. சட்டைக் கைக்குள்ள போன கதைக்கு அடிப்படை இல்லையெண்டு இப்னு கஸீர் எழுதியிருக்கிறார். அவனுக்கு இதெ யாரு குடுத்த?” மூத்தும்மாவுக்குக் கொடுத்த அதே ஆட்கள்தான், கதைசொல்லிகள், என்றேன். அவர் சிரித்தார்.

சிரிப்புக்கு அப்பால் இதை எப்படி எடுப்பது? மரியாதையாகவா, கேலியாகவா? என் தீர்ப்பு இதுதான். நாடகத்தில் அந்தப் பாட்டின் வேலை அச்சமூட்டுவது. மினர்வாவின் நகரத்தில் அந்நியரின் வெறிகொண்ட முழக்கம் கேட்கிறது என்று காட்டத்தான் கொட்செபு அதை வைத்தார். உண்மையான மௌலவி தரீக்காவின் ஸமாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே கேட்பது நாணற்குழலின் மெல்லிய ஓசை. பீதோவன் அதைக் கேட்டதில்லை. துருக்கிப் பக்கம் போனதுமில்லை. ஆனால் உரை ஒன்று சொல்ல, இசை வேறொன்று செய்கிறது. கேலி செய்ய நினைப்பவர் இத்தனை வேகத்தை, இத்தனை வலுவை அதற்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அடிமைகளின் புலம்பலைவிட இந்தக் கோரஸ்தான் காதில் நிற்கிறது. எங்கள் பக்கீர்மார் றபான் அடித்துப் பாடுகையில் உச்சத்தில் ஒரு வேகம் வருமே, அதன் ஒரு துளியை வியன்னாவில் உட்கார்ந்து ஊகித்திருக்கிறார். பிரெஞ்சு இசையமைப்பாளர் சென்சான்ஸ் பின்னர் இதைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். அப்படியும் பொதுமக்களிடம் அது போகவில்லை. நடை பிரபலமானது; அதற்கு முந்திய பாட்டு அலமாரியில் கிடக்கிறது.

துருக்கி நடை என்ற வகையே எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உஸ்மானியரின் யெனிச்சேரிப் படைக்கு ‘மெஹ்தர்’ என்ற வாத்தியக் குழு இருந்தது. ஸுர்னா என்ற குழல் (நமது நாதஸ்வரத்தின் உறவுக்காரன்), எக்காளம், பெருமுரசு, சிறுமுரசு, வெண்கலத் தாளம். போர்க்களத்தில் அது ஓயாமல் ஒலிக்க வேண்டும். 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட படையோடு அந்த முரசும் நகர வாசல் வரை வந்தது. முற்றுகை தோற்றது, முரசு தோற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மன்னர்கள் போட்டி போட்டுக்கொண்டு துருக்கி பாணி வாத்தியக் குழுக்களை வைத்துக்கொண்டார்கள். பயம் போன பிறகுதான் அது நாகரிகமானது என்பதைக் கவனியுங்கள். மோசார்ட் 1782இல் துருக்கி அரண்மனையைக் களமாக வைத்து ஓர் இசை நாடகம் எழுதினார். பழிவாங்கும் உரிமையிருந்தும் கைதிகளை மன்னித்து அனுப்பும் பாஷா ஒருவர் அதில் வருகிறார். அவருடைய பியானோத் துருக்கி நடை பீதோவனுடையதைவிடப் பிரபலம். ஹைடனின் நூறாவது சிம்பனியிலும் இந்த முரசு ஒலிக்கிறது.

இன்று எந்த மேற்கத்திய இராணுவ வாத்தியக் குழுவைப் பார்த்தாலும், ஏன், இல்ல விளையாட்டுப் போட்டியில் எங்கள் பிள்ளைகளின் ‘பாண்ட்’ குழுவைப் பார்த்தாலும், அந்தப் பெரிய முரசும் ஜோடித் தாளமும் இந்த வழியாக வந்தவை. தாளம் செய்வதில் உலகப் பெயர் பெற்ற ஸில்ட்ஜியான் குடும்பம் பதினேழாம் நூற்றாண்டு இஸ்தான்புல்லின் ஆர்மேனியக் குடும்பம். அந்தப் பெயரே தாளம் செய்பவர் என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது.

இந்த முரசு போய்ச் சேர்ந்த மிக உயர்ந்த இடம் பீதோவனின் ஒன்பதாம் சிம்பனி. 1824 மே 7இல் வியன்னாவில் அரங்கேறியது. கைதட்டல் கேளாமல் பீதோவன் நின்றதும், பாடகி கரோலின் உங்கர் அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிட்டதும் பலர் அறிந்த கதை. கடைசிப் பகுதியில் ஷில்லரின் ‘மகிழ்ச்சிக்கு ஒரு பாடல்’. மனிதர் எல்லாரும் சகோதரர் ஆவர் என்பது அதன் சாரம். கோரஸ் இறைவனின் சந்நிதியைப் பற்றிப் பாடி, உச்சத்தில் போய் நிற்கிறது. அமைதி. அந்த அமைதிக்குள் எங்கோ ஆழத்தில் ‘தும்’ என்று ஒரு முரசு. பிறகு இன்னொன்று. பிறகு பெருமுரசும் தாளமும் முக்கோணமும் சேர்ந்து ஒரு துருக்கி நடை தூரத்திலிருந்து நெருங்கி வருகிறது. அதே மகிழ்ச்சி மெட்டு, இப்போது மெஹ்தர் உடையில். அதன் மேல் ஒரு தனி ஆண்குரல், வெற்றியை நோக்கிச் செல்லும் வீரனைப் பற்றிய அடிகளைப் பாடுகிறது.

சந்நிதியிலிருந்து நேரே சந்தைத் தெருவுக்கு இறக்கிவிட்டார் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. லூயி ஸ்போர் என்ற இசையமைப்பாளர் கடைசிப் பகுதி முழுவதையுமே ரசனையற்றது என்றார். இன்றைய அறிஞர்களிடமும் ஒத்த கருத்தில்லை. துருக்கியன் கேலிக்குத்தான் வருகிறான் என்பார் சிலர். எல்லா மனிதரும் சகோதரர் என்றால் பழைய எதிரியும் அந்த ஊர்வலத்தில் இருக்க வேண்டாமா என்பார் சிலர். நான் இரண்டாவது பக்கம். சிம்பனி முடியும் இடத்தில் அந்த முரசும் தாளமும் திரும்பி வருகின்றன. கேலிக்கு அழைத்தவரை இறுதி விருந்தில் உட்கார வைப்பதில்லை.

காலத்தின் ஒரு விளையாட்டு இதில் உண்டு. ஒன்பதாம் சிம்பனி ஒலித்து இரண்டே ஆண்டில், 1826இல், சுல்தான் இரண்டாம் மஹ்மூத் யெனிச்சேரிப் படையைக் கலைத்தார். மெஹ்தரும் அதோடு போனது. ஐரோப்பியப் பாணியில் புதிய வாத்தியக் குழு அமைக்க 1828இல் இத்தாலியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்: ஜுஸெப்பே தொனிசெத்தி, புகழ்பெற்ற இசை நாடகக்காரர் கேட்டானோவின் மூத்த சகோதரர். அவர் அங்கேயே தங்கி, பாஷாவாகி, 1856இல் இஸ்தான்புல்லிலேயே மறைந்தார். துருக்கி முரசை ஐரோப்பா வைத்துக்கொண்டது. துருக்கி ஐரோப்பாவின் எக்காளத்தை வாங்கிக்கொண்டது. இன்று இஸ்தான்புல் இராணுவ நூதனசாலையில் உல்லாசப் பயணிகளுக்கு இசைக்கும் மெஹ்தர் பின்னாளில் மீட்டெடுத்தது.

இதே இரண்டாம் மஹ்மூத்தான் 1829இல் தலைப்பாகையைக் கழற்றி அலுவலர்களுக்குச் சிவப்புத் தொப்பி அணிவித்தவர். அந்தத் துருக்கித் தொப்பிதான் எங்கட மூத்தவாப்பாமாரின் தலைக்கு வந்தது. அதைக் கழற்ற மறுத்ததற்காக 1905இல் சட்டத்தரணி அப்துல் காதர் உயர் நீதிமன்றத்தில் சந்தித்த தடையும், மருதானையில் முஸ்லிம்கள் திரண்டதும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மஹ்மூத் கொண்டுவந்தபோது அது புதுமைச் சின்னம். இங்கே அதற்காக எழுந்தவர்கள் மார்க்கச் சின்னமாகவே கண்டார்கள். ஒரு பொருள் கடல் தாண்டினால் அதன் பொருளும் மாறும் போலும்.

ஒன்பதாம் சிம்பனியின் மெட்டு பட்ட பாடு இன்னும் பெரிது. 1942இல் ஹிட்லரின் பிறந்தநாளை ஒட்டி அதை பெர்லினில் வாசித்தார்கள். 1972இல் ஐரோப்பிய மன்றம் அதைக் கீதமாக எடுத்தது. 1974இல் ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு, கறுப்பின மக்களை ஒடுக்கிக்கொண்டே, அதே சகோதரத்துவ மெட்டைத் தன் தேசிய கீதமாக்கியது. 1985இல் இன்றைய ஐரோப்பிய ஒன்றியம். 1989 கிறிஸ்மஸ் நாளில், உடைந்த சுவரின் பக்கத்தில், பேர்ண்ஸ்டைன் ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லை ‘சுதந்திரம்’ என்று மாற்றிப் பாடவைத்தார். துருக்கி 1987இல் ஐரோப்பியக் குடும்பத்தில் சேர விண்ணப்பித்தது, 2005இல் பேச்சுவார்த்தை தொடங்கியது, வாசலிலேயே நிற்கிறது. ஐரோப்பாவின் கீதமாக அதிகாரபூர்வமாக ஒலிக்கும் வடிவம் கரயன் அமைத்துக் கொடுத்த சுருக்கம். சொற்கள் இல்லாத மெட்டு மட்டும். துருக்கி நடை வரும் இடம் அதில் இல்லை.

எட்வர்ட் செய்த் பெயரைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. கீழைத்தேயவாதத்தை வெளிச்சம் போட்டுக் காட்டிய அந்தப் பலஸ்தீனர் நல்ல பியானோக்காரரும்கூட. அவரும் டானியல் பரன்பொயிமும் 1999இல் அரபு, இஸ்ரேலிய இளைஞர்களைச் சேர்த்து ஓர் இசைக்குழு அமைத்தார்கள். ஹாபிஸைப் படித்துக் கெத்தே எழுதிய நூலின் பெயரையே, ‘மேற்கு-கிழக்குத் திவான்’ என்று, அதற்கு வைத்தார்கள். செய்த் 2003இல் மறைந்தார். 2005 ஆகஸ்டில் அந்தக் குழு ரமல்லாவில் ஐந்தாம் சிம்பனியை வாசித்தது. ஆக்கிரமிப்பு இருக்கும்போது ஒன்றாக இருந்து வாசிப்பது எதை மாற்றும் என்று பலஸ்தீனர் பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வயலினால் பதில் சொல்ல முடியாது. அதற்காக அந்த இரவு நடக்காமல் இருந்திருக்கலாம் என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை.

கடைசியாக ஓர் ஓவியம். ‘அந்தப்புரத்தில் பீதோவன்’ என்று அதன் பெயர். 1915இல் வரைந்தது. அரண்மனை அறை ஒன்றில் பெண்கள் வயலினும் பியானோவும் வாசிக்கிறார்கள். இராணுவ உடையில் ஓர் இளவரசர் அமர்ந்து கேட்கிறார். அருகே பீதோவனின் மார்பளவுச் சிலை. முதல் உலகப் போர் நடக்கிறது, உஸ்மானியப் பேரரசின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அந்த அறைக்குள் அமைதி. வரைந்தவரும் அந்த இளவரசரும் ஒருவரே: அப்துல் மஜீத் எஃபெந்தி. 1922இல் கலீபா ஆனார். 1924 மார்ச் 3இல் துருக்கி நாடாளுமன்றம் கிலாபத்தை ஒழித்ததும் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். உலக முஸ்லிம்களின் கடைசிக் கலீபா 1944இல் பாரிஸில் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்தே மதீனாவில் ஜன்னத்துல் பகீயில் அவரை நல்லடக்கம் செய்தார்கள். ஓவியம் இஸ்தான்புல்லில் இருக்கிறது. படத்தின் தலைப்பில்லாவிட்டாலும் அந்தச் சிலையின் கலைந்த தலைமுடியை யாரும் அடையாளம் கண்டுவிடலாம்.